மவுஸைத் தட்டுகிற வேலைதானே என்கிறார்கள்

கேள்வி

எனக்கு வயது 26. நாமக்கல் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். நான் பி.எஸ்சி. கணிதம், எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. மூன்று வருடமாக, ஏ.ஐ-க்கு டேட்டா தயார் செய்து கொடுக்கும் ஒரு சென்டரில் வேலை பார்க்கிறேன். முதலில் ரோட்டுப் படங்களில் கார், லாரி, மாடு, ஆள் என்று ஒவ்வொன்றுக்கும் கட்டம் போட்டுப் பெயர் கொடுக்க வேண்டும். பிடித்துத்தான் செய்தேன். ஏழு மாதத்துக்கு முன்பு வேறு புராஜெக்டுக்கு மாற்றினார்கள். இப்போது வருவதெல்லாம் அடிதடி, விபத்து, தற்கொலை, சின்னக் குழந்தைகளைக் கொடுமைப்படுத்துவது போன்ற படங்களும் வீடியோக்களும்தான். பார்த்து, இது எந்த வகை, எவ்வளவு மோசம் என்று குறிக்க வேண்டும். ஒரு ஷிப்டுக்கு இத்தனை என்று டார்கெட் உண்டு.

இரவில் தூக்கம் வருவதில்லை. அக்கா பையன் குப்புறப் படுத்துத் தூங்கினால் ஓடிப்போய் மூக்கில் கை வைத்துப் பார்க்கிறேன். இன்னொரு பக்கம், அப்படியொரு வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு நாள் முறுக்கு தின்றுகொண்டிருந்தேன். அதைக் கவனித்ததும் என்மேலேயே பயம் வந்துவிட்டது. வீட்டில் சொன்னால், "ஏ.சி. ரூமில் உட்கார்ந்து மவுஸைத் தட்டுகிற வேலை, அதில் என்ன கஷ்டம்" என்கிறார்கள். அம்மா திருநீறு மந்திரித்து வாங்கி வந்தார். அப்பாவுக்குக் காது மந்தம், கத்திச் சொன்னால்தான் கேட்கும். இதையெல்லாம் கத்திச் சொல்ல முடியுமா? கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று மாப்பிள்ளை பார்க்கிறார்கள். வெளியே எதையும் சொல்லக் கூடாது என்று ஆபீஸில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். தம்பியின் ஃபீஸ் என் சம்பளத்தில்தான் போகிறது. டீம் லீடோ, அடுத்த வருஷம் இதையெல்லாம் மெஷினே பார்த்துக்கொள்ளும் என்கிறார். எனக்கு மனசு பலவீனமா மேடம்? வேலையை விட்டுவிடட்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்

அன்புச் சகோதரிக்கு,

வேலையை விடுவதைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அதற்கு முந்தைய கேள்வி. உங்கள் மனசு பலவீனமாக இல்லை. உங்களுக்கு வேலையில் அடிபட்டிருக்கிறது.

உங்கள் அப்பாவின் காதை நினைத்துப் பாருங்கள். நாள் முழுக்கத் தறிச் சத்தத்தில் நின்றவருக்குக் காது மந்தமானால் அதை யாரும் அவருடைய பலவீனம் என்று சொல்வதில்லை. சத்தத்தால் செவித்திறன் போவது, 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலேயே சேர்க்கப்பட்டது. கல்குவாரியில் வேலை பார்ப்பவரின் நுரையீரலில் தூசி படிவதும் அதே பட்டியலில் சேர்க்கப்பட்டதுதான். வேலை எந்த வழியாக உடம்புக்குள் போகிறதோ, அந்த இடம் அடிபடும். அப்பாவுக்குக் காது வழியாகப் போனது, உங்களுக்குக் கண் வழியாகப் போகிறது. என்ன வித்தியாசம் என்றால், அந்தப் பட்டியலில் மனசுக்குப் படும் காயம் இல்லை. பட்டியலில் இல்லாததால்தான் வீட்டிலும் ஆபீஸிலும் அதை ஒரு காயமாகவே யாரும் பார்க்கவில்லை.

"திரையில் பார்ப்பதுதானே, உனக்கா நடந்தது?" என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு உங்களிடம் ஒரு நல்ல பதில் இருக்கட்டும். மனநல மருத்துவர்கள் நோயைக் கணிக்கப் பயன்படுத்தும் முக்கியமான கையேடு ஒன்று உண்டு; டி.எஸ்.எம்-5 என்பார்கள், 2013-ல் வந்தது. கொடூரமான நிகழ்வுகளால் வரும் மனக்காய நோய்க்கு அதில் சில நிபந்தனைகள் உண்டு. டிவியில், படத்தில் பார்ப்பது பொதுவாகக் கணக்கில் வராது என்று எழுதிவிட்டு, அதற்கு ஒரு விலக்கும் தருகிறது: அப்படிப் பார்ப்பது அவருடைய வேலையாக இருந்தால் கணக்கில் வரும். குழந்தைக் கொடுமை வழக்குகளின் விவரங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும் போலீஸ்காரர்களை அது உதாரணமாகவே சொல்கிறது. விருப்பமில்லாவிட்டால் நாம் சேனலை மாற்றிவிடுவோம். உங்களால் முடியாது. முகத்தைத் திருப்பினால் டார்கெட் குறையும், சரியாகப் பார்க்காவிட்டால் மார்க் குறையும். கண்ணை எடுக்காமல் பார்க்கத்தான் உங்களுக்குச் சம்பளம்.

அடுத்து அந்த முறுக்கு. உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் தொட்டது அதுதான். நீங்கள் கல்லாகிவிட்டீர்களோ என்று பயப்படுகிறீர்கள். இருபது வருடமாக மனநலத் துறையில் இருக்கிறேன். பிணவறை ஊழியர்கள், 108 ஆம்புலன்ஸில் போகிறவர்கள், விபத்து நடந்த இடத்தில் போட்டோ எடுப்பவர்கள் என்று பலர் என்னிடம் வந்திருக்கிறார்கள். ஏறக்குறைய எல்லோரும் இதே மாதிரி ஒரு சம்பவத்தைக் குற்றவுணர்வோடு சொல்லியிருக்கிறார்கள். மூளை தாங்க முடியாத அளவுக்கு ஒன்று தொடர்ந்து வரும்போது, உணர்ச்சியின் வால்வைக் கொஞ்சம் மூடிவிடுகிறது. வேலை நேரத்தில் மூடியது, வீட்டுக்கு வந்ததும் வேறு இடத்தில் பீறிட்டு வெளியே வரும். அக்கா பையனின் மூக்கில் கை வைத்துப் பார்க்கிறீர்களே, அது அப்படி வெளியே வருவதுதான். மரத்துப்போவதும் பதறுவதும் ஒரே காயத்தின் இரண்டு பக்கங்கள். உண்மையிலேயே கல்லாகிப்போனவர் முறுக்கைப் பற்றி எனக்குக் கடிதம் எழுதமாட்டார்.

உங்களை நேரில் பார்க்காமல் நோயின் பெயரைச் சொல்லமாட்டேன், அது சரியும் இல்லை. ஆனால் தூக்கமின்மை, பார்த்தது திரும்பத் திரும்ப வருவது, காரணமில்லாமல் பதறுவது, மரத்துப்போவது, இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் போக வேண்டும் என்பது எங்கள் கணக்கு. உங்களுக்கு ஏழு மாதம் ஆகப்போகிறது. இனியும் தள்ளிப்போட வேண்டாம்.

இதில் நீங்கள் தனியாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இந்த விஷயம் உங்கள் ஊரோடு முடிவதில்லை.

ஏ.ஐ. தானாகக் கற்றுக்கொள்கிறது என்று பத்திரிகைகளில் படிக்கிறோம். கணினிக்குக் கண் வந்த கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபெய்-ஃபெய் லீ என்ற விஞ்ஞானியின் குழு 2009-ல் இமேஜ்நெட் என்ற படத் தொகுப்பை வெளியிட்டது. பின்னால் அது சுமார் 1 கோடியே 40 லட்சம் படங்களாக வளர்ந்தது. ஒவ்வொரு படத்திலும் என்ன இருக்கிறது என்று குறித்தவர்கள் 167 நாடுகளைச் சேர்ந்த சுமார் 49,000 பேர். இணையம் வழியாகச் சில்லறைக் கூலிக்கு வேலை பார்த்தவர்கள். 2012-ல் டொரோண்டோ பல்கலைக்கழகக் குழு ஒன்று அந்தப் படங்களை வைத்துப் பயிற்சி கொடுத்த மென்பொருள்தான் இன்றைய ஏ.ஐ. அலையைத் தொடங்கிவைத்தது. அதைச் செய்த விஞ்ஞானிகளின் பெயர்கள் உலகத்துக்கே தெரியும். கட்டம் போட்ட கைகள் யாருடையவை என்று யாருக்கும் தெரியாது. ரோட்டுப் படத்தில் மாட்டுக்கும் லாரிக்கும் கட்டம் போட்டீர்களே, நீங்களும் அந்த வரிசையில் வந்தவர்தான்.

அப்புறம் பேசும் ஏ.ஐ. வந்தது. கேட்டால் பணிவாகப் பதில் சொல்கிறது, ஆபாசமாகவோ வன்முறையாகவோ கேட்டால் மறுக்கிறது. அந்தப் பணிவை அதற்குக் கற்றுக்கொடுக்க, எது கொடூரம் என்று யாராவது படித்துக் குறித்துத் தர வேண்டியிருந்தது. சாட்ஜிபிடிக்காக அந்த வேலையைக் கென்யாவின் நைரோபியில் இருந்தவர்கள் செய்தார்கள் என்று அமெரிக்காவின் டைம் இதழ் 2023 ஜனவரியில் எழுதியது. அவர்கள் கைக்கு வந்தது மணிக்குச் சுமார் 1.32 டாலரிலிருந்து 2 டாலர் வரை. படித்தவை மனசைவிட்டுப் போகவில்லை என்று அவர்களும் சொன்னார்கள். அதே 2023-ம் ஆண்டு மே தினத்தன்று, இப்படிப்பட்ட வேலை செய்யும் 150-க்கும் மேற்பட்டோர் நைரோபியில் கூடி, சங்கம் அமைப்பதென்று வாக்களித்தார்கள். ஃபேஸ்புக்குக்காகப் பதிவுகளைச் சலித்த கென்யத் தொழிலாளர்கள் போட்ட வழக்கில், மனநல மருத்துவர் பரிசோதித்து 140-க்கும் மேற்பட்டோருக்கு மனக்காய நோய் இருப்பதாக அறிக்கை கொடுத்தது 2024 டிசம்பரில் வெளியே வந்தது. அமெரிக்காவிலேயே இதே வேலை செய்த 11,000-க்கும் மேற்பட்டோருக்காக 2020-ல் ஃபேஸ்புக் 5 கோடியே 20 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு வழக்கை முடித்தது. ஏ.சி. அறையில் மவுஸைத் தட்டுகிற வேலைக்கு இவ்வளவு பணம் கொடுக்க யாரும் சும்மா ஒப்புக்கொள்ளமாட்டார்கள் என்று வீட்டில் சொல்லுங்கள்.

நீங்கள் பார்ப்பதால் எங்கோ ஒரு குழந்தையின் போனில் அந்த வீடியோ வராமல் போகிறது. அது உண்மை. அதை நினைத்துப் பெருமைப்படலாம். ஆனால் அந்தப் பெருமையைக் காட்டி யாராவது உங்களைக் கூடுதலாகப் பார்க்கவைத்தால் சம்மதிக்காதீர்கள். தீயணைப்பு வீரரின் வேலை புனிதமானது என்பதற்காக அவரைக் கவசம் இல்லாமல் உள்ளே அனுப்புவதில்லை.

சரி, உங்களுக்கான கவசம் என்ன என்று பார்ப்போம். ஆபீஸில் கேட்க வேண்டியது இது. படங்கள் கறுப்பு வெள்ளையில் வர வேண்டும். கேட்கச் சின்ன விஷயமாக இருக்கும். கூகுளில் இதே வேலை செய்பவர்களை வைத்து அதன் ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், நிறத்தை எடுத்துவிட்டாலே மனசில் ஏறும் பாரம் குறைந்தது தெரிந்தது. ரத்தத்தின் சிவப்பு போய்விட்டாலே பாதிப் பயம் போய்விடும் என்று நம் பாட்டிமாரும் சொல்லியிருப்பார்கள். வீடியோ முதலில் சின்னதாக, மங்கலாக, சத்தமில்லாமல் திறக்க வேண்டும். தேவைப்பட்டால் மட்டும் நீங்கள் பெரிதாக்கிப் பார்க்கலாம். சத்தத்தை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். அலறல் படத்தைவிட நீண்ட நாள் மனசில் தங்குகிறது என்பது என் அனுபவம். ஷிப்டின் கடைசி ஒரு மணி நேரம் ரோட்டுப் படங்கள் மாதிரி வேறு ஏதாவது தரச் சொல்லுங்கள். இந்த மாதிரிப் படத்தோடு வீட்டுக்குக் கிளம்பக் கூடாது. சில வாரங்களுக்கு ஒருமுறை ஆட்களை மாற்ற வேண்டும். இந்தப் புராஜெக்ட் வேண்டாம் என்பவரை, சம்பளம் குறைக்காமல் வேறு வேலைக்கு அனுப்ப வேண்டும். கம்பெனி ஏற்பாடு செய்யும் கவுன்சலர் இருந்தால், நாம் சொல்வது டீம் லீடுக்குப் போகாது என்று எழுத்தில் வாங்குங்கள்.

தனியாகப் போய்க் கேட்காதீர்கள். உங்கள் வரிசையில் உட்கார்ந்திருக்கும் இன்னும் இரண்டு மூன்று பேருக்கும் தூக்கம் போயிருக்கும், டிபன் நேரத்தில் பேச்சுக்கொடுத்துப் பாருங்கள். சேர்ந்து, மரியாதையாக, ஒரு மெயிலாக அனுப்புங்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும், மெயில் நிற்கும். அதில் 'கஷ்டமாக இருக்கிறது' என்று மட்டும் எழுதாமல், எத்தனை மாதம், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், என்ன மாதிரி உள்ளடக்கம், உடம்பில் என்ன மாற்றம் என்று எழுதுங்கள். கணிதம் படித்தவர் நீங்கள், உங்களுக்கு நன்றாகவே வரும்.

கையெழுத்துப் போட்டிருக்கிறேனே என்ற பயம் நியாயமானது. ஆனால் நீங்கள் யாருக்காக வேலை செய்கிறீர்கள், என்ன மென்பொருள், எந்தக் குறிப்பிட்ட வீடியோ, இதெல்லாம்தான் அவர்களுடைய ரகசியம். உங்கள் தூக்கம் அவர்களுடைய ரகசியம் இல்லை. 'வேலையில் வன்முறைக் காட்சிகளைத் தொடர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது' என்று மருத்துவரிடம் சொன்னால் அவருக்குப் போதும், கம்பெனியின் பெயரே தேவைப்படாது. நீங்கள் சொல்வதை அவரும் வெளியே சொல்லக் கூடாது. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்த ரகசியத்தை உங்கள் உரிமையாகவே வைத்திருக்கிறது.

மருத்துவர் என்றதும் செலவைப் பற்றி யோசிப்பீர்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் பணம் இல்லாமல் பார்க்கலாம். அதற்கு முன்னால், 14416 என்ற எண்ணுக்கு போன் போடுங்கள். டெலி-மானஸ் என்ற அரசு சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், நள்ளிரவு 2 மணிக்கும் எடுப்பார்கள். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு தடவை எட்டிப்பார்த்திருந்தாலும் இன்றைக்கே பேசிவிடுங்கள். கடிதத்தில் நீங்கள் அதைச் சொல்லவில்லை, என்றாலும் நான் கேட்காமல் விடக் கூடாது. மனக்காயத்துக்கென்றே உருவான பேச்சு சிகிச்சைகள் இருக்கின்றன, சிலருக்குக் கொஞ்ச காலம் மாத்திரையும் தேவைப்படும். நல்ல பலன் கிடைக்கும் சிகிச்சைகள் இவை.

அதுவரைக்கும் ஒரு சின்ன உதவி. எமிலி ஹோம்ஸ் என்ற உளவியலாளர் 2009-ல் ஒரு பரிசோதனை செய்தார். மனசை உலுக்கும் காட்சிகளைப் பார்த்தவர்களில் சிலரை, அரை மணி நேரம் கழித்து டெட்ரிஸ் ஆடச் சொன்னார். மேலேயிருந்து கட்டைகள் விழ விழ அடுக்குவோமே, அந்த விளையாட்டுதான். அப்படி ஆடியவர்களுக்கு அந்தக் காட்சிகள் பின்னால் மனசில் மின்னி வருவது குறைந்தது. 2017-ல், சாலை விபத்தில் சிக்கி ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவமனைக்கு வந்தவர்களிடமும் அதே மாதிரிப் பலன் தெரிந்தது. கண்ணும் மனசும் கட்டையை அடுக்குவதில் இருக்கும்போது, அந்தக் காட்சி ஆழமாகப் பதிவதற்கு இடம் குறைகிறது என்பதுதான் இதன் அடிப்படை. பார்த்த சில மணி நேரத்துக்குள் ஆட வேண்டும். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது ரீல்ஸ் தள்ளிக்கொண்டு வராமல் இதை இருபது நிமிடம் ஆடுங்கள். ஏழு மாதக் காயத்தை இது ஆற்றிவிடாது, இன்றைக்குப் பார்த்தது சேராமல் இருக்க உதவலாம், அவ்வளவுதான். அம்மா வாங்கி வந்த திருநீறும் இருக்கட்டும். மகளுக்கு ஏதோ சரியில்லை என்று வீட்டில் முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான்.

கல்யாணம் ஒரு சிகிச்சை இல்லை. உங்களுக்கு விருப்பம் இருந்தால் செய்துகொள்ளுங்கள், தூக்கம் வரட்டும் என்பதற்காக வேண்டாம். ஆறு மாதம் அவகாசம் கேட்பதில் ஒரு தவறும் இல்லை.

டீம் லீடு சொன்னது பாதி உண்மை. கட்டம் போடுவதில் பெரும்பகுதியை இப்போதே மெஷின் முதலில் போட்டுவிடுகிறது, மனிதர் திருத்துகிறார். ஆனால் உங்கள் புராஜெக்டில் அது எப்படிப் போகும் என்று யோசியுங்கள். மெஷினுக்குச் சுலபமாகத் தெரிபவற்றை அதுவே தள்ளிவிடும். அதற்குக் குழப்பமாக இருப்பவை மட்டும் உங்கள் திரைக்கு வரும், மிதமானதும் கொடூரமானதும் கலந்து வந்தது போய் கஷ்டமானவை மட்டுமே வரும். ஆள் குறைந்து, இருப்பவரின் சுமை கூடும். மெஷின் காப்பாற்றும் என்று ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

எனவே வேலையை விடுவதா என்ற கேள்விக்கு என் பதில்: புராஜெக்டை விடுங்கள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம். தம்பியின் ஃபீஸை நினைத்து, சம்பளத்தை மட்டும் அடுத்த வழி தெரியும்வரை பிடித்துக்கொள்ளுங்கள். ரோட்டுப் படங்களுக்கே திரும்பக் கேளுங்கள். தரமாட்டோம் என்று மெயிலில் பதில் வந்தால், அல்லது ஒரு மாதம் பதிலே வராவிட்டால், வெளியே வேலை தேடத் தொடங்குங்கள். பி.எஃப். கணக்கு எண்ணையும் அனுபவச் சான்றிதழையும் மறக்காமல் வாங்குங்கள். சென்னை ஐ.ஐ.டி-யில் இருக்கும் ஏ.ஐ. ஃபார் பாரத் போன்ற குழுக்கள் தமிழ்ப் பேச்சைக் கேட்டு எழுதுவது, மொழிபெயர்த்ததைச் சரிபார்ப்பது என்று மனிதர்களை வைத்துத்தான் வேலை செய்கின்றன. மூன்று வருடம் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்த்த பழக்கத்துக்கு அந்தப் பக்கம் மதிப்பு உண்டு. மருத்துவர் உடனே நிறுத்தச் சொன்னால் மட்டும் இந்தக் கணக்கு எதையும் பார்க்காதீர்கள். ஒரு பருவத்து ஃபீஸைக் கடன் வாங்கியும் கட்டலாம்.

கடைசியாக அப்பா. கத்திச் சொல்ல முடியாதுதான், பக்கத்து வீடு வரைக்கும் கேட்கும். எனக்கு எழுதியிருக்கிறீர்களே, அதை அப்படியே ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, தறி நிற்கும் நேரம் பார்த்து அவர் கையில் கொடுங்கள். வாசிக்கச் சிரமப்பட்டால் தம்பியை வாசிக்கச் சொல்ல வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து விரல் வைத்து நீங்களே காட்டுங்கள். அதன் அடியில் ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 'உங்களுக்குக் காது கேட்காமல் போனது எப்போது தெரிந்தது, அப்போது யாரிடமாவது சொன்னீர்களா அப்பா?'